பிரான்சிலிருந்து கப்பலேறிய மணப்பெண்கள்: வரலாற்று நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

1663 முதல் 1673 வரை, பதினான்காம் லூயி அரசரின் செலவில் சுமார் 770 பெண்கள் பிரான்சிலிருந்து இன்றைய கனடாவின் கெபெக் பகுதிக்குப் போனார்கள். அங்கே குடியேறியிருந்த ஆண்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பிரெஞ்சில் ‘ஃபிய் டு ருவா’, தமிழில் ‘அரசரின் மகள்கள்’. இவர்களை வைத்துக் கதை எழுத உட்காருபவருக்கான வழிமுறை இது.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் துறைமுகக் காட்சியில் தொடங்குகிறார்கள். கண்ணீர், கையசைப்பு, அலை, வாந்தி என்று நாற்பது பக்கம் ஓடுகிறது. கரை இறங்கியதும் கதை முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெண்ணின் தலையெழுத்தைத் தீர்மானித்தவை நாட்காட்டியும் ஒப்பந்தத் தாளும். கடலுக்கு அதில் பங்கு குறைவு. அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கப்பல் ஆறாவது படியில்தான் வரும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வகை ஆவணம் போதும். ஒன்று, அந்தக் காலத்துத் திருமண ஒப்பந்தங்கள் இரண்டு மூன்று. மூலக் கையெழுத்தைப் படிப்பது பெரும்பாடு. தட்டச்சு செய்யப்பட்ட பிரதியையே தேடுங்கள். இரண்டு, 1666 மற்றும் 1681 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். மூன்று, நேரில் பார்த்தவர்களின் எழுத்து. கெபெக்கில் உர்சுலின் என்ற கன்னியர் சபையை நிறுவிய மரி த லேன்கார்நாசியோன் தன் மகனுக்கு எழுதிய கடிதங்கள் இதில் முதன்மையானவை. சேசு சபையினரின் ஆண்டறிக்கைகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு 73 தொகுதிகளாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சு தெரியாதவர் அங்கிருந்து தொடங்கலாம்.

லாஓந்தான் பிரபுவின் நூலை மட்டும் எச்சரிக்கையோடு தொடுங்கள். வந்திறங்கிய பெண்களெல்லாம் ஒழுக்கம் கெட்டவர்கள், ஆண்கள் அவர்களை ஆட்டு மந்தையில் கறிக்கடைக்காரர் பொறுக்குவதுபோலப் பொறுக்கினார்கள் என்ற சித்திரம் அவருடையது. ஆனால் அவர் கனடாவுக்கு வந்தது 1683-இல். கடைசிக் கப்பல் வந்து பத்து ஆண்டுகள் கழித்து. நூல் வெளிவந்தது 1703-இல். சுவையான எழுத்துதான். ஊர்வம்பாக ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்கலாம். உங்கள் கதைசொல்லியின் குரலில் வைக்காதீர்கள்.

2. ஒரே ஒரு ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

‘1660-களில்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எல்லாம் குழம்பும். இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் வேறு உலகம். 1663 பிப்ரவரியில் பெரிய நிலநடுக்கம். 1665-இல் கரிஞ்ஞான்–சாலியேர் படைப்பிரிவின் சுமார் 1,200 வீரர்கள் வந்தார்கள். அதே ஆண்டு குதிரைகளும் வந்தன. 1666-இல் மோஹாக் பூர்வகுடிகளின் ஊர்கள் எரிக்கப்பட்டன, 1667-இல் சமாதானம். 1668-இல் படை கலைக்கப்பட்டபோது சுமார் 400 வீரர்கள் அங்கேயே தங்கினார்கள்.

இந்த வழிகாட்டிக்கு 1669-ஐ எடுத்துக்கொள்வோம். அப்போது போர் ஓய்ந்திருந்தது, கையில் நிலம் கிடைத்த முன்னாள் வீரர்கள் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைகளுக்குப் படையில் வைத்த பட்டப்பெயர்கள் உண்டு: பூவைக் குறிக்கும் ‘லா ஃப்ளர்’, கவலையில்லாதவன் என்ற பொருளில் ‘சான்சூசி’. பாத்திரப் பெயருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

1669-இல் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தத் திட்டத்தின் முகமாக எல்லோரும் அறிந்த நிர்வாகி ழான் தலோன் அந்த ஆண்டு கனடாவிலேயே இல்லை. 1668 இறுதியில் பிரான்ஸ் போனவர் 1670-இல்தான் திரும்பினார். அவர் துறைமுகத்தில் நின்று பெண்களை வரவேற்கும் காட்சியை எழுதினால் விஷயம் தெரிந்தவர் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். மணமாகாத ஆண்களுக்கு வேட்டை, மீன்பிடி, தோல் வணிகம் ஆகியவற்றைத் தடுத்த உத்தரவும் அவர் திரும்பிய பின் வந்ததே. ஆளுநர் ஃப்ரொந்தெனாக்கையும் கூப்பிடாதீர்கள். அவர் வந்தது 1672.

தெற்கே இருந்த பிரெஞ்சுக் குடியேற்றமான லூசியானாவையும் இதோடு கலக்க வேண்டாம். 1704-இல் ‘பெலிக்கான்’ கப்பலில் மொபில் குடியேற்றத்துக்குப் போன பெண்களும், 1721-இல் ‘பலேன்’ கப்பலில் போன பெண்களும் வேறு தலைமுறை, வேறு தட்பவெப்பம். மஞ்சள் காய்ச்சலையும் சதுப்பு நிலத்தையும் கெபெக் கதைக்குள் கொண்டுவருவது இந்தக் கலப்பால் வரும் பிழைதான்.

3. ஆண்டின் நாட்காட்டியை வரையுங்கள்

ஒரு முழுத் தாளில் பன்னிரண்டு மாதங்களைக் கட்டமிட்டு, முதலில் ஆற்றைக் குறியுங்கள். செயின்ட் லாரன்ஸ் ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் வரும். நவம்பர் தொடக்கத்துக்குள் கடைசிக் கப்பல் திரும்பியாக வேண்டும். அதன்பின் அடுத்த ஆண்டு வரை பிரான்சிலிருந்து ஒரு சொல்கூட வராது. ‘அம்மாவுக்குக் கடிதம் போட்டாள், மறுமாதம் பதில் வந்தது’ என்ற வரி இங்கே நடக்காத காரியம்.

அடுத்து, தேவாலய நாட்காட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் திருமணம் இல்லை. 1669-இல் திருவருகைக் காலம் டிசம்பர் 1 ஞாயிறன்று தொடங்கியது. 1670-இல் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 19, ஈஸ்டர் ஏப்ரல் 6. செப்டம்பர் நடுவில் இறங்கிய பெண்ணுக்கு நவம்பர் கடைசி வரை சுமார் பத்து வாரம். அதைத் தவறவிட்டால் சனவரியில் தொடங்கி ஆறு வாரம் போல ஓர் இடைவெளி. அதையும் விட்டால் ஈஸ்டருக்குப் பின்தான்.

இந்தப் பத்து வாரம்தான் உங்கள் நாவலின் முதுகெலும்பு. பதிவேடுகளில் திருமணங்கள் அக்டோபர், நவம்பரில் குவிவதற்குக் காரணம் அவசரக் காதல் அல்ல. அதேசமயம், கப்பலிலிருந்து இறங்கிய மறுநாளே மாலை மாற்றினார்கள் என்பதும் கற்பனை. பலர் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள், சிலர் மாதக்கணக்கில்.

4. கணக்கு ஏடு: பணமும் பெட்டியும்

ஒரு பெண்ணுக்கு அரசு ஒதுக்கியது 100 லீவ்ர். ஆள் சேர்க்க 10, உடைக்கு 30, கப்பல் கட்டணம் 60. ஒரு லீவ்ர் 20 சோல். ஒரு சோல் 12 தெனியே. மணமுடிக்கும்போது சாதாரணப் பெண்ணுக்கு 50 லீவ்ரும் மேல்குடிப் பெண்ணுக்கு 100 லீவ்ரும் தருவது வழக்கம் என்பார்கள். ஆனால் பல ஒப்பந்தங்களில் அந்தத் தொகையே இல்லை. உங்கள் நாயகிக்கு அது கிடைத்ததா இல்லையா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பத்தாம் அத்தியாயத்தில் பசு வாங்கும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அவளோடு வந்த பெட்டியில் இருந்தவை: தலையை மூடும் துணி, குல்லாய், பட்டுக் கைக்குட்டை, காலணி நாடா, 100 தையல் ஊசி, சீப்பு, வெள்ளை நூல், ஒரு சோடி காலுறை, ஒரு சோடி கையுறை, கத்தரிக்கோல், 2 கத்தி, 1,000 குண்டூசி, 4 பின்னல் கயிறு, வெள்ளிக் காசாக 2 லீவ்ர். இந்தப் பட்டியலை அப்படியே ஒரு பத்தியாகக் கொட்டிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. பெட்டியைத் திறக்காதீர்கள், ஒவ்வொரு பொருளாகச் செலவழியுங்கள். ஆயிரம் குண்டூசி எதற்கு? அந்தக் காலத்து உடை பெரும்பாலும் குண்டூசியாலும் கயிற்றாலும்தான் உடம்பில் நின்றது. பக்கத்து வீட்டில் ஊசி உடைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை வேறு ஊசி இல்லை. அவளிடம் நூறு இருக்கிறது. பண்டமாற்று, பெருந்தன்மை, பகை மூன்றுக்கும் அந்த நூறு ஊசி போதும்.

5. அவள் ஏன் கிளம்பினாள்?

அவர்களில் பெரும்பாலானோர் தந்தையை இழந்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பாரிசின் சால்பெத்ரியேர் விடுதியிலிருந்து வந்தவர்கள். அந்த இடத்தை வெறும் சிறையாக எழுதுகிறார்கள். அது 1656-இல் தொடங்கிய ‘பொது மருத்துவமனை’ அமைப்பின் ஒரு பகுதி; அனாதைச் சிறுமிகள், ஏழைகள், முதியவர்கள் எல்லோரும் அடைபட்டிருந்த பெரிய ஏழைகள் இல்லம். அங்கே வளர்ந்தவளுக்குத் தையலும் செபமும் தெரியும். பால் கறக்கத் தெரியாது. 1660-களின் இறுதியில் மரி த லேன்கார்நாசியோன், இனிமேல் ஆண்களைப்போல உழைக்கக்கூடிய கிராமத்துப் பெண்களையே அனுப்பக் கேட்கப்போகிறார்கள் என்று எழுதுகிறார். அந்த ஒரு வரியில் முரண்பாடு தயாராக இருக்கிறது: உங்கள் நாயகி, அந்த ஊருக்கு வேண்டாத வகை.

கிராமத்துப் பெண்ணாக வைத்தால் நார்மண்டி நல்ல தேர்வு. தியேப் துறைமுகத்தில் ஏறுவாள். மேற்குப் பகுதி என்றால் லா ரோஷெல். ‘கடத்திக்கொண்டு போனார்கள்’ என்பது வேண்டாம். ‘முழு விருப்பத்தோடு போனாள்’ என்பதும் பாதிப் பொய். தந்தை இல்லை, சீர் இல்லை, பிரான்சில் கல்யாணச் சந்தையில் மதிப்பும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பெண்ணாக அவளை எழுதுங்கள்.

6. கப்பல்: ஒரே அத்தியாயம்

இரண்டு முதல் மூன்று மாதம் ஆகும் பயணம் இது. இருட்டான கீழ்த்தளம், கடின ரொட்டி, உப்புக்கண்டம், பட்டாணி, நாறத் தொடங்கிய குடிநீர், ஸ்கர்வி, காய்ச்சல். இவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நியூஃபவுண்ட்லாந்து மீன் திட்டை நெருங்கும்போது முதல்முறை கடப்பவர்கள் மேல் மாலுமிகள் தண்ணீரை ஊற்றி விளையாட்டு ‘ஞானஸ்நானம்’ செய்யும் வழக்கமும், பல வாரத்துக்குப் பின் கிடைக்கும் புதிய காட் மீனும் உங்கள் அத்தியாயத்துக்குப் போதும். தூக்கிலிட்ட கொடுங்கோல் மாலுமி, புயலில் பிறந்த காதல் எல்லாவற்றையும் வெட்டுங்கள்.

7. தேர்வுக் காட்சியும் ஒப்பந்தமும்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதல் வரைவை இந்தக் காட்சியிலிருந்து எழுதத் தொடங்கி, பிறகு பின்னோக்கிப் போவது இன்னும் நல்லது.

பெண்கள் கண்காணிப்பாளர் ஒருவரின் பொறுப்பில் தங்கியிருப்பார்கள். கெபெக்கில் மதாம் பூர்தோன். மோன்ரேயால் (மாண்ட்ரீல்) பக்கம் மார்கரித் பூர்ழ்வா. ஆண்கள் வந்து பேசுவார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு உண்டு. மரி த லேன்கார்நாசியோன் தரும் தகவல் பொன்னானது: பெண்கள் முதலில் விசாரித்தது அவனுக்கு வீடும் திருத்திய நிலமும் உண்டா என்பதைத்தான். அதனால் விவரமான ஆண்கள் மணமுடிக்க ஓராண்டு முன்பே வீடு கட்டத் தொடங்கினார்கள்.

ஆகவே உரையாடல் இப்படிப் போகக் கூடாது:

“உன் கண்களைப் பார்த்ததும் என் தனிமை கரைந்துவிட்டது.”

இப்படிப் போகலாம்:

“கூரை போட்டாயிற்றா?”
“போட்டாயிற்று.”
“புகைபோக்கி?”
“கல் அடுக்கியிருக்கிறேன். பூச வேண்டும்.”
“பனி விழுவதற்குள்ளா?”
அவன் தொப்பியைக் கையில் திருப்பினான். அவள் அடுத்தவனைப் பார்த்தாள்.

அடுத்து நோட்டரி. ஒப்பந்தத்தின் வரிசை மாறாது: நோட்டரியின் பெயர்; மணமகன், அவன் பெற்றோர், ஊர், பங்கு (தேவாலய வட்டாரம்); மணமகள், அவள் பெற்றோர், ஊர், பங்கு; சாட்சிகள்; பாரிஸ் வழக்காற்றுச் சட்டப்படி இருவருக்கும் பொதுச் சொத்து; கணவன் இறந்தால் மனைவிக்கு ஒதுக்கப்படும் தொகை; அவள் கொண்டுவரும் பொருளின் மதிப்பு; அரசரின் அன்பளிப்பு இருந்தால் அது; கடைசியில் கையெழுத்து. தந்தையின் பெயருக்கு முன் ‘காலஞ்சென்ற’ என்ற சொல் வரும். நோட்டரி அதை வாசிக்கும் கணத்தில் நாயகியின் முகத்தைப் பாருங்கள். அழுகையைப் பற்றி ஒரு வரியும் தேவைப்படாது.

முடிவில் ‘கையெழுத்திடத் தெரியாது என்று அறிவித்தனர்’ என்ற வாசகம். பெரும்பாலானவர்களுக்கு அதுதான். அவளுக்கு மட்டும் எழுதத் தெரிந்து, அவனுக்குத் தெரியாவிட்டால்? நோட்டரி இறகுப் பேனாவை யார் பக்கம் நீட்டுகிறார் என்பதிலேயே காட்சி முடிந்துவிடும்.

ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் முடிந்தது, செய்தார்கள். கையெழுத்தான பின் வேறொருவனைத் தேர்ந்தவர்கள் உண்டு. நோட்டரிக்கும் தேவாலயத்துக்கும் நடுவே சில நாளோ சில வாரமோ இடைவெளி இருக்கும். கதையின் திருப்பத்தை அந்த இடைவெளியில் வையுங்கள். வெளியிலிருந்து இன்னொரு வில்லன் தேவையில்லை.

8. நிலமும் முதல் குளிர்காலமும்

நிலங்கள் ஆற்றைப் பார்த்த ஒடுங்கிய நீளப் பட்டைகள். அகலம் 3 ஆர்ப்பான், நீளம் 30 ஆர்ப்பான் என்று வைத்தால் ஏறத்தாழ 175 மீட்டருக்கு 1,750 மீட்டர். சுமார் 76 ஏக்கர். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் முழுக்கக் காடு. ஒரு ஆள் ஓராண்டில் ஒன்றிரண்டு ஆர்ப்பான் பரப்பைத் திருத்தினால் அதிகம். ஓர் ஆர்ப்பான் பரப்பு ஒரு ஏக்கரைவிடச் சற்றுக் குறைவு. 1668-இல் படையிலிருந்து விலகியவனிடம் 1669 இலையுதிர் காலத்தில் அலைஅலையாக ஆடும் கோதுமை வயல் இருக்காது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகளுக்கு நடுவே விதைத்த சிறு துண்டு இருக்கும்.

வீடு ஒரே அறை. சன்னலில் கண்ணாடிக்குப் பதில் எண்ணெய்த் தாள். இலையுதிர் காலத்தில் ஆற்றில் பிடித்து உப்பிட்ட விலாங்கு மீன், பட்டாணி, ரொட்டி. பக்கத்து வீடு கூப்பிடு தூரம், ஏனென்றால் எல்லோரும் ஆற்றங்கரையில் வரிசையாக இருக்கிறார்கள். ‘மைல்கணக்கில் மனித வாசமற்ற காடு’ என்று எழுதிப் பழகிய கை இங்கே சறுக்கும். தனிமை பின்பக்கத்தில்தான்.

9. அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள்

இந்தப் பெண்கள் காலி நிலத்துக்கு வரவில்லை. மோஹாக், வென்டாட், இன்னு, அல்கோன்கின் மக்களைக் காட்டில் தெரியும் நிழலாக வைப்பது பழைய காலனியப் பார்வை. 1669-இல் கெபெக் அருகே வென்டாட் அகதிகள் வாழ்ந்தார்கள். சந்தையிலும் தேவாலயத்திலும் உங்கள் நாயகி அவர்களைப் பார்ப்பாள். மூன்றாண்டுக்கு முன் மோஹாக் சோளக் களஞ்சியங்களை எரிக்கப் போன படையில் அவள் கணவன் இருந்திருக்கலாம். அவன் அதைச் சொல்கிறானா, மறைக்கிறானா என்று முடிவெடுத்துவிட்டு எழுதுங்கள்.

10. தமிழில் வரும் சிக்கல்கள்

‘வரதட்சணை’ என்ற சொல்லைத் தொடாதீர்கள். நம் வாசகருக்கு அது பெண்வீடு மாப்பிள்ளைவீட்டுக்குக் கொடுப்பது. இங்கே அரசர் கொடுப்பதைப் பெண் தன் பங்காகக் கொண்டுவருகிறாள். ‘அரசர் சீர்’ என்றால் சட்டென்று புரியும்.

‘என்னங்க’ என்று மனைவி அழைத்த கணமே வீடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடும். இருவரும் தொடக்கத்தில் ‘நீங்கள்’ என்றே பேசட்டும். ‘நீ’ எப்போது வருகிறது என்பதை ஒரு நிகழ்ச்சியாக்குங்கள். அதை இருவரில் யார் முதலில் சொல்கிறார் என்பதும் முக்கியம். மாமியார், நாத்தனார் பெரும்பாலும் கிடையாது. நம் குடும்பக் கதைகளின் பாதி எந்திரம் அவர்களால்தான் ஓடுகிறது. அந்த வெற்றிடத்தைப் பக்கத்து நிலத்துப் பெண், கப்பல் தோழி, கன்னியர் நிரப்புவார்கள். தோழிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே கூப்பிடட்டும், ‘அக்கா’ வேண்டாம்.

திருமணமான பின்னும் ஆவணங்களில் பெண் பிறந்த குடும்பப் பெயரோடுதான் வருகிறாள். கணவன் பெயரை ஒட்டவைப்பது பிற்கால வழக்கம்.

பெயர்களைப் பிரெஞ்சு ஒலிப்படியே எழுதுங்கள்: ‘ஜீன்’ வேண்டாம், ‘ழான்’. பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்ப்பவர்கள் ‘ழ’வை அந்த ஒலிக்குப் பயன்படுத்தி வாசகரைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு நாவலுக்குள் ‘கியூபெக்’, ‘கெபெக்’ இரண்டும் வரக் கூடாது.

11. திருத்தும்போது தேட வேண்டிய சொற்கள்

வரைவு முடிந்ததும் கணினியில் தேடி நீக்குங்கள். உருளைக்கிழங்கு: அந்தச் சமையலில் இல்லை. இரும்பு அடுப்பு: திறந்த கணப்புதான் சரி. சீட்டுக்கட்டுப் பணம்: 1685-இல் வந்தது. குதிரை வண்டி: குதிரைகள் வந்து நான்கு ஆண்டுதான், ஏழைக் குடியானவனிடம் இருக்காது. ‘கெபெக் ஆயர் லாவால்’: கெபெக் மறைமாவட்டம் அமைந்தது 1674, அதற்கு முன் அவர் திருத்தந்தையின் பதிலாளர். ‘பெருநகரம்’: 1666 கணக்கெடுப்பில் கெபெக் ஊரில் 550 பேர்கூட இல்லை. எந்தத் தெருவில் நடந்தாலும் தெரிந்த முகம்தான். முகமறியாத அந்நியன் ஒருவன் நாயகியைப் பின்தொடரும் காட்சி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

12. எங்கே முடிப்பது

கல்யாணத்தில் முடித்தால் கதை பாதியில் நிற்கும். முதல் குழந்தையில் முடிப்பது தேய்ந்த வழி. 1681 கணக்கெடுப்பு ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர், வயது, துப்பாக்கி, மாடு, திருத்திய ஆர்ப்பான் என்று ஒரு சில வரியில் அடக்குகிறது. உங்கள் நாயகியின் குடும்பத்துக்கு அந்த வரிகளை முதலிலேயே எழுதி மேசைமேல் ஒட்டிவையுங்கள்: கணவனுக்கு 40 வயது, அவளுக்கு 34, பிள்ளைகள் ஐந்து, துப்பாக்கி ஒன்று, மாடு மூன்று, நிலம் 10 ஆர்ப்பான். பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆர்ப்பான்தானா என்று யாராவது கேட்டால் பதில் நாவலுக்குள் இருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் கணக்கெடுப்பவர் வாசலில் நிற்கட்டும். அவர் கேட்காத கேள்விகள் எவை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.